ஒட்டிய பலகை வெடித்தது: பர்மா தேக்கு அலமாரி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 மே முதல் வாரத்தில் சென்னையிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் எழுபது வயதை நெருங்கும் ஓர் ஆச்சி. "தம்பி, அலமாரிக் கதவு வெடிச்சுப்போச்சு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பட்டாசு மாதிரி சத்தம். எந்திரிச்சு லைட்டப் போட்டுப் பாத்தா பலகை மேலேர்ந்து கீழ வரைக்கும் கீறிக் கெடக்கு" என்றார். சத்தம் கேட்டது ஏப்ரல் கடைசியில். அதற்குள் இரண்டு பேரை வரவழைத்துக் காட்டியிருந்தார். ஒருவர் விரிசலில் பட்டி வைத்து மேலே பாலிஷ் போட்டுவிடலாம் என்றார். இன்னொருவர் பின்பக்கம் பிளைவுட் வைத்து ஸ்குரு போட்டு முடுக்கிவிடலாம் என்றார். இரண்டுமே ஆச்சிக்கு மனசுக்கு ஒப்பவில்லை. தெரிந்தவர் வழியாக, மரவேலை செய்யும் என்னைக் கூப்பிட்டார்.

அலமாரி முன்பு காரைக்குடிப் பக்கம் அவர்களுடைய பூர்வீக வீட்டில் இருந்தது. ஒன்றல்ல, ஒரு ஜோடி. ஒரே கை வேலை, ஒரே அளவு. பர்மாவில் வணிகம் செய்த குடும்பம். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் கதவும் அலமாரியும் பெரும்பாலும் அங்கிருந்து கப்பலேறி வந்த தேக்குதான். 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனபின் அந்த வரத்து நின்றது. இந்த ஜோடி அதற்கும் முந்தியது என்பது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கணக்கு. மரத்தைப் பார்த்தால் நம்பலாம். 16 அங்குலத்துக்கு மேல் அகலமுள்ள ஒற்றைப் பலகை, அதுவும் முழுக்க வைரம் (மரத்தின் கெட்டியான உட்பகுதி). இன்றைக்கு அப்படி ஒன்றைக் காசு கொடுத்துத் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

பங்கு பிரித்தபோது ஆச்சிக்கும் அவர் தம்பிக்கும் அலமாரி ஆளுக்கொன்றாகப் போனது. தம்பியின் அலமாரி பூர்வீக வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆச்சியின் அலமாரி 2022 ஜனவரியில் சென்னைக்கு வந்தது. ஒன்று ஊரிலேயே இருந்ததுதான் பின்னால் எனக்குப் பெரிய உதவியாகப் போயிற்று. ஒரே மரம், ஒரே வயது, ஒரே ஆசாரி. மாறியது இடமும், வண்டி ஏறுவதற்கு முன் நடந்த ஒரு வேலையும் மட்டும்தான்.

கதவு கட்டப்பட்ட விதம்

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நாங்கள் இப்போது பேனல் கதவு என்கிறோம். நான்கு புறமும் சட்டம், நடுவில் பலகை. நெடுஞ்சட்டமும் குறுக்குச்சட்டமும் கழுந்தும் (சட்ட முனையில் செதுக்கிய முளை) துளையுமாகக் கோத்து, வஜ்ஜிரம் (விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை) வைத்து, மூங்கில் ஆணி அடித்து இறுக்கப்பட்டவை. அந்த மூட்டு அசையக் கூடாது. ஆனால் சட்டத்தின் உள்விளிம்பில் காடி, அதாவது நீளப் பள்ளம், ஓடும். பலகை அந்தக் காடிக்குள் சும்மா செருகி நிற்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது. படச்சட்டத்துக்குள் கண்ணாடி நிற்பது போலத்தான்.

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதே இல்லை. அகலவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். காற்றில் ஈரம் ஏறினால் விரியும், இறங்கினால் சுருங்கும். வெட்டிப் பதினைந்து வருஷம் ஆனாலும் சரி, எண்பது வருஷம் ஆனாலும் சரி, இது நிற்காது. "பழைய மரம், இனிமே அசையாது" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய மரத்தின் அசைவு கொஞ்சம் குறையலாம், நிற்பதில்லை. ஆறடி உயரமும் நான்கடி அகலமும் உள்ள முகப்பை முழுப் பலகையாகவே செய்தால் மழைக்காலத்தில் கதவு மாட்டிக்கொள்ளும், கோடையில் இடுக்கு விழும். சட்டம் போட்டால் கதவின் அகலத்தில் மாறக்கூடியது இரண்டு நெடுஞ்சட்டங்களின் ஆறேழு அங்குலம் மட்டுமே. மீதி அகலத்தின் அசைவையெல்லாம் காடி தனக்குள் வாங்கிக்கொள்ளும். இந்த யோசனையைக் கண்டுபிடித்தவர் யார் என்று தெரியாது. பழைய எகிப்திலும் இப்படிச் செய்திருக்கிறார்கள், ஐரோப்பியத் தச்சர்களும் செய்திருக்கிறார்கள். மரத்தோடு சண்டை போடாமல் அதற்கு இடம் விடுகிற இந்த வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கும்பிடத் தோன்றும்.

இந்த அலமாரிக்கு இரண்டு கதவுகள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு நீளப் பலகை, கீழே ஒரு குட்டைப் பலகை. ஆக நான்கு. கதவின் அகலம் 22 அங்குலம், நெடுஞ்சட்டம் ஒவ்வொன்றும் 3¼ அங்குலம், இடையில் தெரியும் பலகை 15½ அங்குலம். காடியின் ஆழம் நான்கு நூல். (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். பட்டறையில் இன்றும் இந்தக் கணக்குத்தான்.) பலகையின் நடு கனமாக இருக்கும், ஓரங்களை நாக்கு மாதிரி மெலிய இழைத்துக் காடிக்குள் விட்டிருப்பார்கள்.

வண்டி ஏறுவதற்கு முன்

2021 டிசம்பரில் ஊரில் ஒரு பாலிஷ்காரரை வைத்து அலமாரியைப் புதுப்பித்திருக்கிறார்கள். கதவைத் திறந்து மூடும்போது பலகைகள் கடகடவென்று ஆடின. வண்டியில் போகும்போது அடிபட்டுவிடும் என்று வீட்டில் கவலை. பாலிஷ்காரரும் பலகை லூசாக இருப்பது பழுது என்றே எடுத்துக்கொண்டார். இரண்டு குழாயில் வரும் எபாக்ஸி பசையைக் கலந்து, ஆடிய மூன்று பலகைகளுக்கும் நான்கு ஓரத்திலும், முன்பக்கமும் பின்பக்கமும் ஊட்டிவிட்டார். நான்காவது பலகை, அதாவது இடது கதவின் கீழ்ப்பலகை, ஆடவில்லை. காடியில் பல வருஷத்து மெழுகும் தூசியும் அடைத்துக்கொண்டு அதைப் பிடித்திருந்தன. அதற்கு மட்டும் பசை வைக்கவில்லை. பிறகு மொத்தக் கதவுக்கும் பாலிஷ் ஓடியது.

அந்த மனிதரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் செய்தது அக்கறையான வேலை. பசை ஒழுங்காக, சுத்தமாக இறங்கியிருந்தது. ஆடுகிற பலகையை இறுக்கிக் கொடு என்று கேட்டார்கள், இறுக்கிக் கொடுத்தார். அது ஆடத்தான் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஜனவரியில் அலமாரி சென்னை வந்து படுக்கையறையில் நின்றது. ஆச்சியின் கணவருக்கு உடம்பு சரியில்லாததால் அந்த அறையில் மார்ச்சிலிருந்து ஏசி அநேகமாக இரவு பகலாக ஓடியது.

பார்த்தவை

நான் போனது மே 9-ம் தேதி. முதலில் கதவைத் தொடாமல் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு பலகைகளும் நான்கு விதமாக இருந்தன.

வலது கதவின் மேல்பலகை மேலிருந்து 26 அங்குல நீளத்துக்கு இழை வழியே பிளந்திருந்தது. மேலே வாய் அகலம் ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவு. டார்ச் அடித்தால் உள்ளே மடித்து வைத்த புடவை தெரிந்தது. முகத்தில் இழை மலைமலையாக வளைந்து ஓடும் பலகை அது, மரத்தின் நடுவை விட்டு விலகி அறுத்தது.

இடது கதவின் மேல்பலகையில் அடியில் மட்டும் நான்கு அங்குலத்துக்கு மயிரிழை விரிசல். நகம் வைத்தால்தான் தெரியும். இதன் இழை நேர்கோடாக ஓடியது, மரத்தின் நடுவை நோக்கி அறுத்த பலகை. ஒரே பசை, ஒரே அறை, ஒரே அகலம், ஆனாலும் சேதத்தில் இவ்வளவு வித்தியாசம்.

வலது கீழ்ப்பலகை வெடிக்கவில்லை. ஒரு பக்கம் பசை பிடிவிட்டு, அந்தப் பக்கம் சட்டத்தை ஒட்டிப் பாலிஷ் படாத வெளிர்நிறக் கோடு ஒன்று மேலிருந்து கீழ்வரை தெரிந்தது. காடிக்குள் ஒளிந்திருந்த மரம் பலகை சுருங்கியதும் வெளியே வந்திருக்கிறது. பழைய மெழுகு மேல் பசை சரியாக ஒட்டாததுதான் அந்தப் பலகையைக் காப்பாற்றியது.

பசை வைக்காத இடது கீழ்ப்பலகையில் ஒன்றுமே இல்லை. விரலால் தட்டினால் லேசாக ஆடியது. ஊரில் ஆடாதது இங்கே வந்து ஆடுகிறது என்றால் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரப்பத மீட்டரின் ஊசியைப் பலகைகளின் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் 9 சதவீதத்தை ஒட்டியே காட்டியது. ஊரிலுள்ள ஜோடி அலமாரியைப் பிறகு டிசம்பரில் போய்ப் பார்த்தேன். அதில் 14. பலகை நான்கும் கடகடவென்று ஆடிக்கொண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

ஏன் வெடித்தது

தேக்கு நல்ல மரம் என்பதற்கு ஒரு காரணமே அது குறைவாக அசையும் என்பதுதான். பச்சை மரத்திலிருந்து முழுக்கக் காய்கிற வரையில், நடுவை விட்டு விலகி அறுத்த பலகை அகலத்தில் 5 முதல் 6 சதவீதம் வரை சுருங்கும். நேரிழைப் பலகை அதில் ஏறக்குறைய பாதி, சுமார் இரண்டரை சதவீதம். முன்னதற்குக் கணக்குப் போட்டால், மரத்தின் ஈரம் ஒரு புள்ளி இறங்கினால் அகலத்தில் ஏறக்குறைய 0.2 சதவீதம் குறையும்.

ஊரில் 14, ஏசி அறையில் 9. ஐந்து புள்ளி இறக்கம். 16¼ அங்குலப் பலகைக்கு அது 4 மில்லிமீட்டர், நம் கணக்கில் ஒன்றேகால் நூல். பலகை சுதந்திரமாக இருந்திருந்தால் இருபுறமும் காடிக்குள் அரை நூல், முக்கால் நூல் பின்வாங்கியிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. இருபுறமும் எபாக்ஸி பிடித்துக்கொண்டதால் பலகையால் ஓரத்தில் சுருங்க முடியவில்லை. நடுவில் சுருங்கியது. விரிசலின் வாய் அகலத்தையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணத்துக்கு வேறெங்கும் போகத் தேவையில்லை.

வீட்டில் இரண்டு சந்தேகங்கள் கேட்டார்கள். ஏசி காற்று நேராகப் பட்டதாலா? நேராகப் படவில்லை, ஏசி எதிர்ச்சுவரில் இருந்தது. பட்டிருந்தாலும் ஒட்டாத பலகை தப்பியிருக்கும், இடது கீழ்ப்பலகையே சாட்சி. வண்டியில் வந்தபோது அடிபட்டதா? அடிபட்ட பிளவாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், மூன்று மாதம் காத்திருக்காது. மேலும் பிளவின் முகம் புதிதாக, தூசியில்லாமல் இருந்தது.

எடுத்த முடிவுகள்

பட்டி வைப்பதை முதலிலேயே விலக்கினேன். கோடையில் திறந்து கிடக்கும் விரிசலைக் கெட்டியான பொருளால் அடைத்தால் மழைக்காலத்தில் பலகை விரியும்போது இடமில்லாமல் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். பிளைவுட் யோசனை அதைவிட மோசம். இழைக்குக் குறுக்காக ஸ்குரு போட்டு முடுக்குவது, எபாக்ஸி செய்த அதே தப்பை இரும்பால் செய்வது.

புதுப்பலகை போடலாமா என்பதுதான் உண்மையாக யோசிக்க வேண்டிய கேள்வியாக இருந்தது. நேரம் மிச்சமாகும். ஆனால் அந்த அகலத்தில் அந்த மரம் கிடைக்காது. மூன்று துண்டு ஒட்டித்தான் செய்ய வேண்டும். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் கதவைத் தடவிக்கொண்டே, "எங்க அப்பத்தா கை பட்ட பலகை தம்பி இது. விரிசலோட இருந்தாலும் பரவாயில்ல, இதுவே இருக்கட்டும்" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சரி, பிரிப்பது என்று முடிவு. ஆச்சி ஒரே ஒரு கோரிக்கை வைத்தார். "ஆடுற சத்தம் மட்டும் வேண்டாம் தம்பி. அவுக தூக்கம் கெட்டுப்போயிரும்." நியாயமான கோரிக்கைதான். அதை நான் நிறைவேற்றிய விதத்தில்தான் தப்பு வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னும் இரண்டு முடிவுகள். ஒன்று, மூட்டுக்கும் விரிசலுக்கும் வஜ்ஜிரம்தான் என்று வைத்தேன். வஜ்ஜிரம் சூடும் ஈரமும் பட்டால் இளகும். ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் இந்தக் கதவைப் பிரிக்க நேர்ந்தால் மரத்தை உடைக்காமல் பிரிக்கலாம். எபாக்ஸியை நான் எடுக்கப்போகிற பாடு எனக்குத் தெரியும், அதை அடுத்தவருக்குக் கொடுக்க மனசில்லை. மற்றொன்று, கதவுகளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பிரித்தாலும், பலகைகளை ஒட்டுவதற்கு முன் ஒரு வாரம் அதே படுக்கையறையில் வைப்பது. எங்கள் பட்டறை தகரக் கூரை. அங்கே வைத்து அளந்து செய்துவிட்டு ஏசி அறைக்குக் கொண்டுபோனால் அளவு மாறிப்போகும்.

பிரித்தது

சட்டத்தைத் தட்டிக் கழற்ற முடியாது, பலகை நான்கு ஓரமும் பிடித்துக்கொண்டிருக்கிறதே. முதலில் பலகையை விடுவிக்க வேண்டும். என்னோடு வேலை செய்யும் பெரிய ஆசாரிக்கு அப்போது 68 வயது. பழைய ரம்பத் தகட்டை மெல்லியதாகத் தேய்த்து ஒரு கத்தி செய்துகொண்டார். வெப்பக்காற்றுத் துப்பாக்கியைக் குறைந்த சூட்டில் பிடித்தால் எபாக்ஸி ரப்பர் மாதிரி இளகும். இளகிய இரண்டு அங்குலத்தைக் கத்தியால் அறுப்பது, அடுத்த இரண்டு அங்குலத்துக்குப் போவது. சூடு கூடினால் மரம் கருகும், குறைந்தால் கத்தி இழையைக் கிழிக்கும். வலது மேல்பலகைக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது.

கடைசி ஓரம் விடுபட்ட அந்த நிமிஷத்தை மறக்க மாட்டேன். பெரியவர் பலகையின் இரு பக்கமும் கையை வைத்து லேசாக அமுக்கினார். விரிசல் சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. "பாத்தியா தம்பி, இதுக்கு வலிச்சிருக்கு" என்றார். பிளவுபட்ட பலகை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இழுத்துப் பிடித்ததைத்தான் அது தாங்கவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான நிரூபணம் கிடையாது.

மூங்கில் ஆணிகளைப் பின்பக்கமிருந்து தட்டி எடுத்தோம். ஊசிக் குழாயில் சுடுநீரை ஏற்றி மூட்டுக்குள் விட்டதும் இருபது நிமிஷத்தில் பழைய வஜ்ஜிரம் இளகி, கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) தட்டலுக்கே கழுந்து வெளியே வந்தது. கழுந்தின் கன்னத்தில் உளியால் போட்ட கீறல்கள் இருந்தன. ஒரு மூட்டுக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, மூன்று. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று அந்த ஆசாரி போட்டுவைத்த அடையாளம். எண்பது வருஷத்துக்குப் பிறகு எங்களுக்கும் அதுவே வழி காட்டியது.

விடுபட்ட வலது மேல்பலகையை அளந்தேன். அகலம் 16¼ அங்குலம். காடி அடியிலிருந்து எதிர்க் காடி அடிவரை 16½ அங்குலம். ஆக, 9 சதவீத ஈரத்தில் மொத்தம் இரண்டு நூல், அதாவது 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இடைவெளி. மழைக்காலத்தில் பலகை 4 மில்லிமீட்டர் விரிந்தாலும் இன்னும் 2 மிச்சம் இருக்கும். மீட்டரோ கணக்கோ இல்லாமல் அந்தப் பழைய ஆசாரி விட்ட இடம் இது.

விரிசலை வஜ்ஜிரம் வைத்து ஒட்டி, கிளாம்பில் ஒரு நாள் விட்டோம். இடது மேல்பலகையின் மயிரிழை விரிசலுக்குப் பலகையை விடுவித்ததே போதுமானதாக இருந்தது. கொஞ்சம் நீர்த்த வஜ்ஜிரம் உள்ளே இறங்கியதோடு சரி. பின்பக்கம் எந்தக் குறுக்குப் பட்டையும் அடிக்கவில்லை.

வலது கீழ்ப்பலகையில்தான் அடி வாங்கினோம். பசை நன்றாகப் பிடித்திருந்த பக்கம் அறுக்கும்போது ஓரத்து நாக்கு பெயர்ந்து வந்துவிட்டது. அந்த ஓரத்தைச் சீவிவிட்டு, பழைய பர்மா தேக்கு உத்தரத் துண்டு ஒன்றிலிருந்து ஒரு பட்டை எடுத்து ஒட்டி, புதிதாக நாக்கு இழைக்க வேண்டியதாயிற்று. அளவு நாங்கள் தீர்மானிக்க வேண்டிய ஒரே பலகை இதுதான். ஆடக் கூடாது என்று ஆச்சி சொன்னது காதில் இருந்தது. பக்கத்துக்கு அரை நூல், மொத்தம் ஒரு நூல் இடைவெளி மட்டும் விட்டு இறுக்கமாகச் செய்தேன். பெரியவர் ஒரு தடவை, "கொஞ்சம் கூட விடலாமே" என்றார். இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன்.

எல்லாப் பலகைக்கும் கோப்பதற்கு முன்பே, காடிக்குள் மறையும் ஓரம் உட்பட, அரக்குப் பாலிஷ் ஏற்றினோம். பலகை எந்தக் காலத்தில் எவ்வளவு பின்வாங்கினாலும் இனி வெள்ளைக் கோடு தெரியாது. ஓரத்தில் தேன்மெழுகு தேய்த்து, மூட்டுக்கு மட்டும் வஜ்ஜிரம் வைத்துக் கோத்து, புது மூங்கில் ஆணி அடித்தோம். காடியின் அடியில் மூலைக்கு மூலை சைக்கிள் டியூபில் வெட்டிய சின்னத் துண்டுகள் வைத்தோம். பலகை ஆடாமல் பிடிக்கும், விரியும்போது அமுங்கிக்கொடுக்கும். ஜூன் 4-ம் தேதி கதவுகள் திரும்பப் போய் மாட்டியாயிற்று. சத்தம் இல்லை, விரிசல் இருந்த இடம் தேடினால்தான் தெரியும். எல்லாருக்கும் திருப்தி.

நவம்பர்

நவம்பர் கடைசியில் ஆச்சி மறுபடி கூப்பிட்டார். வலது கதவு மூடும்போது இடது கதவை இடிக்கிறது, கீழே ஒரு மூட்டு வாய் பிளந்திருக்கிறது.

ஆச்சியின் கணவருக்கு உடம்பு தேறி, இருவரும் மகள் வீட்டுக்கு ஐந்து வாரம் போயிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை. வீட்டில் ஏசி இல்லை, காற்றோட்டத்துக்கு ஜன்னல் திறந்தே இருந்தது. மீட்டரை வைத்தால் 14. அலமாரி திரும்பவும் ஊரில் இருந்த ஈரத்துக்கே போயிருக்கிறது.

வலது கீழ்ப்பலகை விரிந்து, இருந்த ஒரு நூல் இடத்தையும் நிரப்பி, அதற்குமேல் போக இடமில்லாமல் சட்டத்தைத் தள்ளியிருந்தது. 4 மில்லிமீட்டர் விரிவு, 3 மில்லிமீட்டர் இடம். மிச்ச ஒரு மில்லிமீட்டர் கீழ்க்குறுக்குச் சட்டத்தின் மூட்டில் தெரிந்தது. மேலே அந்தப் பழைய ஆசாரியின் அளவிலேயே நின்ற இரண்டு பலகைகளிலும் எந்தச் சிக்கலும் இல்லை. ஒரே கதவில் அவர் விட்ட இடமும் நான் விட்ட இடமும் மேலும் கீழுமாக நின்றன.

என் தப்பு தெளிவாகவே இருந்தது. மே மாதம், ஏசி அறையில், அதாவது அந்தப் பலகை இருக்கக்கூடிய மிகக் குறைந்த அகலத்தில் அளந்து, அதற்குச் சரியாக இறுக்கிச் செய்தேன். சுருங்கி வெடித்ததைச் சரிசெய்யப் போன கவனத்தில் விரிவதை யோசிக்கவில்லை. வறண்ட நாளில் செய்தால் இடம் தாராளமாக விட வேண்டும், மழை நாளில் செய்தால் கொஞ்சம் விட்டால் போதும், ஆனால் நாக்கு காடிக்குள் ஆழமாகப் போக வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. பெரியவர் அன்றைக்குச் சொன்னதும் இதைத்தான்.

இரண்டாம் தடவை பிரித்தது எளிது. வஜ்ஜிரம் என்பதால் ஒரு மணி நேரத்தில் மூட்டு கையோடு வந்தது. எபாக்ஸி போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பலகையில் மொத்தம் ஒன்றரை நூல் இழைத்து எடுத்தோம். நாக்கில் மறுபடி பாலிஷ், மெழுகு. இந்தத் தடவை மேலும் ஒன்று சேர்த்தோம். பலகையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சரியாக நடுவில் மட்டும், காடிக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மூங்கில் ஆணி. பலகை நடுவில் பிடிபட்டு நிற்கும், அசைவு இடது வலது என்று சமமாகப் பிரியும், ஆட்டமும் குறையும். சைக்கிள் டியூபை விட இதுதான் சத்தத்துக்குச் சரியான மருந்து. மற்ற மூன்று பலகைகளுக்கும் அதையே செய்தோம். இந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை.

அதன் பிறகு

பலகையின் பின்பக்கம், சட்டத்தை ஒட்டி மெல்லிய பென்சில் கோடு ஒன்று போட்டுவைத்தேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் கோட்டுக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து நோட்டில் எழுதுவேன். 2023 மே மாதம், ஏசி முழுவேகத்தில் ஓடிய நாளில், வலது மேல்பலகை பக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. முன்பக்கம் எந்தக் கோடும் தெரியவில்லை. ஒட்டிய விரிசல் அப்படியே இருந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். அந்தப் பகுதியில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர் வடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஈரம் ஏறியிருந்தது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. முந்தைய வாரத்தை விட மீட்டர் ஒரு புள்ளிதான் கூடியிருந்தது. பாலிஷ் ஏறிய தேக்கு காற்றின் ஈரத்தை உடனே வாங்காது, வாரக்கணக்கில்தான் வாங்கும். கதவு இரண்டும் இடிக்காமல் மூடின.

இப்போது இதே வேலை வந்தால்

முதலில் கேட்கும் கேள்வியை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் என்ன உடைந்திருக்கிறது என்று கேட்பேன். இப்போது அது எங்கேயிருந்து வந்தது, எங்கே நிற்கப்போகிறது, அந்த அறையில் எந்த மாதங்களில் ஏசி ஓடும், எப்போது ஜன்னல் திறந்திருக்கும் என்று கேட்கிறேன். மர ஈரத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 287 நாட்டையே காற்றின் ஈரத்தை வைத்துத்தான் மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னையில் ஒரே வீட்டுக்குள் கூடம் ஒரு மண்டலம், ஏசி அறை இன்னொரு மண்டலம் என்றுதான் இன்றைக்கு நடைமுறையில் இருக்கிறது.

பலகையைக் காடிக்கு அளக்கும் அன்று மீட்டரை வைத்து ஈரத்தைப் பலகையின் நாக்கிலேயே பென்சிலால் எழுதுகிறோம். தேதியும் இடைவெளியும் சேர்த்து. நாளைக்கு யார் பிரித்தாலும் படித்துக்கொள்ளலாம். வறண்ட நாளில் செய்தால், பலகை எவ்வளவு விரியும் என்று கணக்குப் போட்டு, அதைப்போல ஒன்றரை மடங்கு இடம் விடுகிறோம். நேரிழைப் பலகைக்கு அதில் பாதி.

ஊரிலிருந்து அலமாரி எடுத்துவரப் போகிறோம் என்று யாராவது கூப்பிட்டால், பாலிஷ் போடுவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பலகை ஆடினால் ஆடட்டும், வண்டியில் வரும்போது பழைய போர்வையை மடித்து இடுக்கில் செருகினால் போதும், பசை மட்டும் வேண்டாம். ஊரிலுள்ள ஜோடி அலமாரிக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஆச்சியின் தம்பி அதையும் சென்னைக்குக் கொண்டுவர யோசிக்கிறாராம். ஜனவரியில் ஏற்றி, மார்ச்சுக்குள் அறைக்குப் பழகவிட்டு, மே மாதம் நான்கு பலகைகளையும் நான் அளந்து பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.